கோட் போட்டுக்கொண்டு சொன்ன பொய்

நெஞ்சைப் பிளந்து தைச்சு இண்டையோடை பத்துக் கிழமை, எழுபது நாள். பாரம் தூக்கக் கூடாது, கார் ஓடக் கூடாது, கதவைப் பூட்டிக்கொண்டு குளிக்கக் கூடாது. எழுதக் கூடாது எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. அதாலை எனக்கு நடந்ததை எழுதுறன். என்னை மாதிரி லண்டனிலை எங்கையோ ஒரு மாடிப்படியிலை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற ஆரும் வாசிச்சால் நல்லது.

முதல்லை ஒண்டைச் சொல்லிப்போடுறன். எங்கடை குடும்பத்திலை இங்கிலாந்தைத் திட்டுறதுக்கெண்டு ஒரு ஆள் இருந்தால் அது நான்தான். எண்பதுகளிலை ஊரை விட்டு வெளிக்கிட்டு, பெரியண்ணை ஜேர்மனியிலை, தங்கச்சி கனடாவிலை, நான் லண்டனிலை எண்டு ஆளுக்கொரு திக்கிலை விழுந்தனாங்கள். ஞாயிற்றுக்கிழமையிலை போன் வரும். சுகம் விசாரிச்சு முடிய முன்னமே எந்த நாடு நல்லம் எண்ட வழக்குத் தொடங்கிடும். தங்கச்சி கனடாவிலை வீடெல்லாம் பெரிசு எண்டுவா. அண்ணை ஜேர்மனியிலை ரெயின் ஒரு நிமிசம் பிந்தாது எண்டுவார். அவை ரெண்டு பேரும் தங்கடை நாட்டைத் தூக்கிப் பிடிக்க, நான் என்ரை நாட்டைப் போட்டு மிதிப்பன். சுவரெல்லாம் ஈர ஊறல். ஒரு குழாயிலை கொதிதண்ணி, மற்றதிலை ஐஸ்தண்ணி, நடுவிலை கை கழுவ வழியில்லை. தண்டவாளத்திலை நாலு இலை விழுந்தால் ரெயின் நிண்டுபோகும். எல்லாத்துக்கும் மேலை, கோலியர்ஸ் வுட்டிலை நாங்கள் இருக்கிற நகரசபைக் கவுன்சில் பிளாட்டிலை வருசக்கணக்கா உடைஞ்சு கிடக்கிற லிப்ட். "நானும் உங்கை வந்திருக்கலாம், விசர் வேலை பாத்திட்டன்" எண்டு முடிப்பன். அதைக் கேக்க அவை ரெண்டு பேருக்கும் நல்ல புழுகம், ஒரே சந்தோசம்.

அந்த லிப்டாலைதான் என்ரை வருத்தம் பிடிபட்டது. எங்கடை வீடு மூண்டாம் மாடி. பெற்றோல் ஸ்டேஷனிலை வேலை முடிஞ்சு வந்து படியேறேக்கை, ஆரோ என்ரை நெஞ்சுக்கு நடுவிலை முழங்காலை ஊண்டி அமத்திற மாதிரி ஒரு நோ. இடது கைக்குள்ளையும் இறங்கும். நிண்டால் போயிடும். முதல் வாய்வு எண்டு நினைச்சு உள்ளிப்பூடு திண்டன், சோடா குடிச்சன். பிறகு பழகிப்போச்சு. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலையும் ஒரு யன்னல் இருக்கு. அதிலை நிண்டு வெளியிலை விடுப்பு, புதினம் பாக்கிற மாதிரி நிப்பன். பக்கத்து வீட்டு ஆக்கள் வந்தால், "நல்ல நாள் என்ன" எண்டு சொல்லுவன். வெளியிலை மழை ஊத்திக்கொண்டிருக்கும்.

குடும்ப டொக்டர் என்னைப் பெரியாசுப்பத்திரியிலை இதய வருத்தம் பாக்கிற கிளினிக்குக்கு அனுப்பினார். எங்கடை ஆக்கள் பெரிய டொக்டரிட்டைப் போறதெண்டால் கோயிலுக்குப் போற மாதிரித்தானே. காலமை வெள்ளணக் குளிச்சு, கலியாண வீட்டுக்குப் போடுற கோட்டைப் போட்டு, ரை கட்டி, சப்பாத்தை மினுக்கிக்கொண்டு போனன். வெயிற்றிங் ரூமிலை ரெண்டு மணித்தியாலம். பிளாஸ்ரிக் கதிரையள், கிழிஞ்ச பழைய புத்தகங்கள், சுவரிலை ஒரு மணிக்கூடு, அதுவும் நிண்டுபோய்க் கிடந்தது. இதையும் ஞாயிற்றுக்கிழமை சொல்லோணும் எண்டு மனசிலை குறிச்சுக்கொண்டன்.

டொக்டர் நல்ல மனுசன். நரைச்ச தலை, மெல்லிய குரல். "எப்பிடி இருக்கிறீங்கள்?" எண்டு கேட்டார்.

"பெரிசா ஒண்டும் இல்லை, சேர்."

"எவ்வளவு நடந்தால் நோகுது?"

"ஓடினால் மட்டும்தான், சேர்."

நான் கடைசியா ஓடினது யாழ்ப்பாணத்திலை ஹெலிக்கொப்ரருக்குப் பயந்து! ஆனால் அந்த மனுசனுக்கு முன்னாலை இருக்கேக்கை என்ரை வாயிலை வேறை ஒண்டும் வரேல்லை. ஏன் எண்டு இப்ப யோசிச்சால் விளங்குது. பெரிய ஆக்களுக்கு முன்னாலை நோவைச் சொல்லி மூக்காலை அழுறது எங்களுக்குப் பழக்கமில்லை. அகதியா வந்தவன் அரசாங்கத்தின்ரை பெனிபிட் காசு எடுக்கிறதுக்கு வருத்தம் காட்டுறான் எண்டு நினைச்சுப்போடுவாரோ எண்ட வெக்கம். வேலை போயிடுமோ எண்ட பயம். நாடு முழுக்கக் குறை சொல்லிக்கொண்டு திரியிற வாய், கேக்க வேண்டிய ஆள் கேட்ட இடத்திலை பூட்டுப் போட்டுக்கொண்டு இருந்திட்டுது.

இசிஜி எடுத்தவை. நெஞ்சிலை வயரை ஒட்டி, இதயம் துடிக்கிறதைக் கடதாசியிலை கீறி எடுக்கிறது. ஆறுதலாப் படுத்திருக்கேக்கை எடுத்தால் சில பேருக்குப் பிழை ஒண்டும் தெரியாதாம். எனக்கும் தெரியேல்லை. கொஞ்ச நாளிலை கடிதம் வந்தது: அவசரமில்லாத ஆக்களின்ரை வரிசையிலை என்னைப் போட்டிருக்கினம், மிச்சச் சோதினையளுக்குக் கன மாதம் செல்லும்.

வந்ததே கோவம்! அண்டைக்கே ரெண்டு நாட்டுக்கும் போன் போட்டன். "மனுசன் சாகக் கிடக்கிறன், வரிசையிலை நிக்கட்டாம்!"

"பாத்தியே? இஞ்சை எண்டால் அடுத்த கிழமையே எல்லாம் முடிச்சிருப்பினம்" எண்டார் அண்ணை. "நீ டொக்டரிட்டை வடிவாச் சொன்னனியே?"

"எல்லாம் சொன்னனான்" எண்டன்.

பக்கத்திலை வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்த சாந்தி நிமிந்து பாத்தா. சாந்தி என்ரை மனுசி. திரும்ப வெங்காயத்தை உரிச்சா.

டொக்டர் எனக்கு ஒரு சின்னக் குளிசைப் போத்தல் தந்திருந்தார். நோ வந்தால் நாக்குக்குக் கீழை ஒண்டு வைக்கோணும், ரத்தக் குழாயை விரிச்சு விடும். ஒரு போத்தல் கனநாளைக்குக் காணும் எண்டு சொன்னவர். எனக்கு அது கிழமைக் கணக்கிலை முடிஞ்சுது. வெறும் போத்தலுகளைக் கோட் பொக்கற்றுக்குள்ளை ஒளிச்சு வைப்பன். அந்தக் கோட்டை ஆர் அயன் பண்ணுறது எண்டு யோசிக்காத மோடன் நான்.

மூண்டு மாதத்தாலை திரும்பவும் கிளினிக். நான் கோட்டை மாட்ட, சாந்தியும் சீலை உடுத்துக்கொண்டு நிக்கிறா. பள்ளிக்கூடக் குசினியிலை வேலை அவவுக்கு. ஒரு நாளும் லீவு எடுக்கிற ஆளில்லை.

"நீர் ஏன் வாறீர்?"

"சும்மா, துணைக்கு."

டொக்டர் அதே மாதிரி மெல்லக் கேட்டார், "எப்பிடி?" நானும் அதே மாதிரி, "நல்லா இருக்கு, சேர்." அவர் எழுதத் தொடங்க, சாந்தி எழும்பினா. அவவின்ரை இங்கிலீசு குசினியிலை பழகின இங்கிலீசு, தட்டு, கரண்டி, கெதியா, கவனம். அதை வைச்சுக்கொண்டு சொன்னா:

"டொக்டர், இவர் பொய் சொல்லுறார்."

"சாந்தி, இரும்!" எண்டன். இருக்கேல்லை. ஹான்ட்பாக்கைக் கதிரையிலை வைச்சிட்டு அந்த அறையின்ரை ஒரு மூலைக்குப் போனா. போய், என்னை மாதிரி நடந்து காட்டினா. அஞ்சு அடி வைச்சா, நிண்டா. சுவரைப் பிடிச்சா. இல்லாத யன்னலாலை வெளியிலை பாக்கிற மாதிரிப் பாத்தா. கையை வாய்க்குக் கொண்டுபோய் நாக்குக்குக் கீழை ஒண்டு வைச்சா. திரும்ப அஞ்சு அடி, திரும்ப நிண்டா. சீலைத் தலைப்பு நிலத்திலை இழுபட, அவ என்ரை மூச்சை அப்பிடியே மூசிக் காட்டினதைப் பாக்க எனக்கே பயமாக் கிடந்தது. நான் இவ்வளவு மோசமா எண்டு எனக்கே அப்பதான் தெரியும்.

பிறகு ஹான்ட்பாக்கைத் திறந்து வெறும் போத்தலுகளை மேசையிலை ஒவ்வொண்டா வைச்சா. "இண்டைக்குக் காலமை சப்பாத்துக் கட்டேக்கையும் நோ. குனிய ஏலாது. நான் கட்டினனான்."

டொக்டர் பேனையை வைச்சிட்டு என்னைப் பாத்தார். "இவ சொல்லுறது உண்மையோ?"

"ஓம், சேர்" எண்டன். மினுக்கின சப்பாத்தைப் பாத்துக்கொண்டுதான் சொன்னன்.

சும்மா இருக்கேக்கையே நோ வாறது எண்டால் கதை வேறையாம். எந்த நேரமும் மாரடைப்பு வரலாமாம். அண்டைக்கு நான் வீட்டை போகேல்லை. சில்லுக் கதிரையிலை இருத்தி நேரே வார்டுக்குக் கொண்டு போனவை. கன மாத வரிசை ஒரு மத்தியானத்திலை முடிஞ்சுபோச்சு.

அடுத்த நாள் அஞ்சியோகிராம். தொடையடியிலை ஊசி போட்டு, மெல்லிய குழாய் ஒண்டை ரத்தக் குழாய் வழியா இதயம் வரைக்கும் விட்டு, அதுக்குள்ளாலை சாயம் அனுப்பி எக்ஸ்ரே பிடிக்கிறது. நோகாது. திடீரெண்டு உடம்பு முழுக்கச் சூடா ஒரு அலை போகும், மூத்திரம் போயிட்டுதோ எண்டு வெக்கமா இருக்கும், போகாது, பயப்பிட வேண்டாம். மூண்டு குழாய் அடைப்பு எண்டவை. காலிலை இருந்து ஒரு ரத்த நரம்பை வெட்டி எடுத்து, அடைச்ச இடத்தைச் சுத்திப் புதுப் பாதை போடோணும். பைபாஸ் எண்டு றோட்டுக்குச் சொல்லுறதைத்தான் இதுக்கும் சொல்லுகினம்.

வார்டிலை ஆறு கட்டில். எனக்குப் பக்கத்துக் கட்டில் ரெஜ். எழுபது வயசு வெள்ளைக்காரர், சட்டன் பக்கம் வீடு, காலம் முழுக்க பஸ் ஓட்டின மனுசன். அவருக்கும் அதே ஒப்பரேஷன், எனக்கு ஒரு நாள் பிந்தி. ஐயோ, அந்த மனுசன் இந்த நாட்டைத் திட்டுற அழகு! நான் பிச்சை வாங்கோணும். ரெயின் சரியில்லை, அரசாங்கம் சரியில்லை, பேக்கரிப் பாண் முந்தின மாதிரியில்லை, மழைகூட முந்தின மாதிரிப் பெய்யுதில்லை. நான் லிப்டைப் பற்றிச் சொல்ல, அவர் தன்ரை றோட்டிலை கிடக்கிற குழி கிடங்கைப் பற்றிச் சொன்னார். ரெண்டே நாளிலை நாங்கள் உயிர்ச் சிநேகிதர். சாந்தியின்ரை சப்பாத்துக் கதையைச் சொன்னன், கட்டில் ஆடச் சிரிச்சார். சாந்தி இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தால் அவருக்கும் ஒரு பங்கு. "மோசமில்லை" எண்டுவார். கோப்பையைத் துடைச்சு வைச்சிட்டு அப்பிடிச் சொல்லுவார்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் அண்ணை வந்து இறங்கினார். ஜேர்மனியிலை இருந்து காரிலை, கப்பலிலை ஏத்தி, ஒரே ஓட்டம். வார்டுக்குள்ளை வந்து என்ரை தலையைத் தடவினார். அதோடை நிண்டிருக்கலாம்.

"என்னடா இது, ஒரு அறைக்குள்ளை ஆறு பேர்! அங்கை எண்டால் ரெண்டு கட்டில்தான். பெயின்ற் உரியுது பார். இதென்ன திரைச்சீலை, சந்தையிலை உடுப்பு மாத்திற மாதிரி! உன்னை ஏத்திக்கொண்டு போறதுக்குத்தான் காரிலை வந்தனான். இஞ்சை உன்னை வெட்ட விடமாட்டன்."

இதெல்லாம் நான் நாலு நாளாச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். ஆனால் அவர் சொல்ல எனக்கு எங்கையிருந்தோ ஏறிச்சுது. "அண்ணை, உந்தக் கதையை விடுங்கோ. காலமை நாலு தரம் வந்து கையைப் பிடிச்சுப் பாக்கிற நேர்ஸைத் தெரியுமோ உங்களுக்கு? திருநீறு மடிச்ச சரையைத் தலையணைக்குக் கீழை வைக்க விட்டவை. பெயின்றாலையே என்ரை நெஞ்சைத் தைக்கப் போகினம்?"

ரெஜ் எட்டிப் பாத்து, "உன்ரை அண்ணன் என்ன சொல்லுறார்?" எண்டு கேட்டார். நான் சொன்னன். காலமை முழுக்க அந்தத் திரைச்சீலையைத் திட்டின மனுசன் கட்டிலிலை நிமிந்து குந்திக்கொண்டு, "திரைச்சீலைக்கு என்ன குறை எண்டு கேள்!" எண்டார். அண்ணை ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தார். அந்த நேரம் தேத்தண்ணி வண்டிலோடை வந்த மனுசி, நோயாளியோ பாக்க வந்தவரோ எண்டு கேக்காமல், இஞ்சை ஆரையும் 'கண்ணு' எண்டு கூப்பிடுற மாதிரி "இந்தா, லவ்" எண்டு அண்ணையின்ரை கையிலை ஒரு கோப்பையைக் குடுத்திட்டுப் போனா. அம்பது வயசு மனுசன் வெக்கப்பட்டுப் போனார். "தேத்தண்ணி தண்ணி மாதிரிக் கிடக்கு" எண்டு சொல்லிச் சொல்லி முழுக்கக் குடிச்சார். என்னை ஏத்திக்கொண்டு போற கதை அதுக்குப் பிறகு வரேல்லை.

அண்டைக்குப் பின்னேரம் ஒப்பரேஷனுக்குச் சம்மதம் எண்டு கையெழுத்து வைச்சன். சாகவும் கூடும் எண்டு டொக்டர் மறைக்காமல் சொன்னார். பயந்தன். வைச்ச கையெழுத்து ஆற்றையோ கையெழுத்து மாதிரிக் கிடந்தது. சாந்தி என்ரை காலை மடியிலை வைச்சு விரல்களை ஒவ்வொண்டா இழுத்து விட்டா. "என்னைக் காட்டிக் குடுத்திட்டீர்" எண்டன் பகிடியா. "இன்னும் நூறு தரம் காட்டிக் குடுப்பன்" எண்டா. அவ சிரிக்கேல்லை.

ஒப்பரேஷனைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. கண் முழிக்கேக்கை வாயிலை குழாய், பேச ஏலாது. சாந்தியின்ரை முகம் மட்டும் தெரிஞ்சுது. எனக்கு அது போதும். பிறகு வார்டுக்கு வந்த நாளுகள்தான் கஷ்டம். இருமினால் நெஞ்சு பிரிஞ்சுபோற மாதிரி நோகும். ஒரு துவாயைச் சுருட்டித் தந்து, அதை இறுக்கிக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருமச் சொன்னவை. நானும் ரெஜ்ஜும் ஆளுக்கொரு துவாயைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு மாறி மாறி இருமினம். அண்ணை எங்கடை வீட்டிலை நிண்டு, இங்கிலாந்தைத் திட்டித் திட்டி, ஊறல் பிடிச்ச சுவரெல்லாம் சுரண்டி வெள்ளை அடிச்சாராம்.

ஒப்பரேஷன் முடிஞ்சு ஆறாம் நாள் காலமை. ரெஜ் கட்டிலாலை இறங்கிச் செருப்பைப் போடப் பாத்தார், முகம் வெளிறிப்போச்சு. "என்ன?" எண்டன். "கால் கொஞ்சம் இழுக்குது. நரம்பு வெட்டின கால் இல்லை, மற்றது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. வெள்ளிக்கிழமை வீட்டை விடுறதாச் சொன்னவை. பாவங்கள், அவைக்கு வேலை தலைக்கு மேலை." சொல்லிப்போட்டுக் கஞ்சியையும் தலையணையையும் அரசாங்கத்தையும் ஒழுங்காத் திட்டி முடிச்சார்.

டொக்டர்மார் வந்தவை. அதே நரைச்ச தலை, அதே மெல்லிய குரல். "எப்பிடி, ரெஜ்?"

"குறை சொல்ல ஒண்டுமில்லை, டொக்டர்."

அந்தக் குரல் என்ரை குரல். கோட் இல்லை, ரை இல்லை, பைஜாமாவோடை இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். டொக்டர் அடுத்த கட்டிலுக்குத் திரும்பிட்டார். ரெஜ் என்னைப் பாத்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் எண்டு. நான் துவாயை நெஞ்சோடை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு கத்தினன்:

"டொக்டர், இவர் பொய் சொல்லுறார்!"

போர்வையை விலத்திப் பாத்தால் கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து கிடக்குது. ரத்தம் கட்டிப்பட்டிருக்காம். அந்தக் கட்டி கழண்டு ஓடிச் சுவாசப்பையிலை போய் அடைச்சால் ஆள் முடிஞ்சுது. உடனை ரத்தத்தை ஐதாக்கிற மருந்தைச் சேலைனோடை ஏத்தினவை. வெள்ளிக்கிழமை வீடு இல்லை எண்டு சொல்லிப்போட்டினம்.

மத்தியானம் வரைக்கும் ரெஜ் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பாத்துப் படுத்திருந்தார். தேத்தண்ணி வந்தாப் பிறகு தன்ரை பிஸ்கற்றை என்ரை பக்கம் தள்ளி விட்டார். "உன்ரை மனுசி பழக்கின பழக்கம்" எண்டார்.

"ஓம்" எண்டன். ரெண்டு பேருக்கும் கண் கலங்கிப்போச்சு. அதை மறைக்கத் தேத்தண்ணியைத் திட்டினம்.

வீட்டை வெளிக்கிட்ட அண்டைக்கு நேர்ஸ் ஒரு என்வலப்பைத் தர, அண்ணை பில் எண்டு நினைச்சுப் பேர்ஸைத் திறந்தார். இஞ்சை ஆசுப்பத்திரிக்குக் காசு கட்டத் தேவையில்லை, உள்ளை குடும்ப டொக்டருக்கு ஒரு கடிதம் மட்டும்தான் இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, "அங்கை கட்டில் ரெண்டுதான். ஆனால்..." எண்டு தொடங்கி நிப்பாட்டிப்போட்டார். பிறகு என்னைப் பிளாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, லிப்டைக் காலாலை ஒரு உதை உதைச்சிட்டு, தானும் சாந்தியுமா ரெண்டு பக்கமும் பிடிச்சு, படிக்குப் படி நிண்டு நிண்டு மேலை கொண்டுபோய்ச் சேத்தவர்.

போன ஞாயிற்றுக்கிழமை கடைக்கு நடந்து போயிட்டு வாறன், பின்னாலை சாந்தி. வீட்டுக்குள்ளை போன் அடிக்குது. எடுத்தால் அண்ணை.

"என்னடா, மூச்சு வாங்குது? என்ன செய்யுது?" பதறிப்போனார்.

"லிப்ட் இன்னும் திருத்தேல்லை, அண்ணை. மூண்டு மாடியும் ஏறித்தான் வந்தனான். நிக்காமல்."

"நாசமாப் போன நாடு" எண்டார். கொஞ்சம் பொறுத்து, "நிக்காமலோ? உண்மையோ?"

"சாந்தியைக் கேளுங்கோ."

சாந்தி போனை வாங்கினா. "ஓம் அத்தான், உண்மைதான். நான் பின்னாலை எண்ணிக்கொண்டு வந்தனான். ஒரு யன்னலிலையும் நிக்கேல்லை" எண்டா. அதுக்கு மேலை சொல்ல ஏலாமல், போனை நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு அழத் தொடங்கிட்டா.